உள்பக்கமாகப் போன ஹோஸ்

என் புருஷன் திகம்பர் சாளோக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு வேலையைச் செய்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. கோலாப்பூரில் எந்த மெக்கானிக்கும் ஷட்டரை இறக்கி வேலை பார்க்க மாட்டான். வாசலில் நாலு பேர் நிற்க வேண்டும், அவர்கள் குறை சொல்ல வேண்டும், அவர்களை இவன் திட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பானர் பிடித்த மாதிரி இருக்கும். எங்கள் கராஜில் பதினோரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

அந்த வாரம் புதன்கிழமை ஷட்டர் இறங்கியது. உள்ளே நின்றது என் பந்தய வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஷிரோலிப் பக்கம், கரும்பு வெட்டி முடித்த நிலத்தில் மண் பந்தயம். அதற்காக முன் பிரேக்குக்கு எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் போடுகிறார். போன வருஷம் நான் விழுந்ததே அந்த ரப்பர் ஹோஸால்தான். சூடு ஏற ஏற அது உப்பிக்கொண்டு போய், பெரிய மேட்டில் இறங்கும்போது பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கியது. தோள் எலும்பு உடைந்து, ஒரு கையால் பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டு கிடந்தேன்.

அன்றிலிருந்து நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், எஃகு ஹோஸ் வேண்டும் என்று. "பார்க்கலாம்" என்பார். தீபாவளிக்குக் கேட்டேன், பார்க்கலாம். சங்கராந்திக்குக் கேட்டேன், பார்க்கலாம். திடீரென்று போன வாரம் பூனாவுக்கு ஆள் அனுப்பித் தானே வரவழைக்கிறார். கேட்டபோதெல்லாம் தராதவர் கேட்காதபோது கொண்டுவந்து தந்தால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? நான் நம்பவில்லை. என் சுபாவம் அப்படி. பால்காரன் சிரித்தால்கூடப் பாலை முகர்ந்து பார்ப்பேன்.

இன்னொன்றும் இருந்தது. பிரேக்கில் காற்று எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருத்தர் மேலே லீவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தர் கீழே சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட, குழாயில் சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். எங்கள் வீட்டில் அழுத்துவது நான், திறப்பது அவர். சண்டை போட்டுப் பேச்சு நின்றிருந்த நாட்களில்கூட அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார். இந்தத் தடவை கூப்பிடவில்லை. லீவரை ட்யூப் ரப்பரால் ஹேண்டில் பாரோடு கட்டிவைத்துத் தானே ஒண்டியாகச் செய்துகொண்டார்.

"என்னங்க, நான் வந்து அழுத்தட்டுமா?"

"வேணாம். நீ போய் சமையலைப் பாரு."

"சமையல் முடிஞ்சுது."

"அப்ப சாப்பிடு."

இப்படிப் பதில் சொல்கிற ஆள் இல்லை அவர்.

எங்கள் கல்யாணப் பேச்சு நடந்த கூடத்தில் அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருக்க, என் அப்பா நேராகக் கேட்டார்: "பொண்ணு வண்டி ஓட்டுவா. பந்தயத்துக்குப் போவா. பின்னாடி வேணாம்னு சொல்லக் கூடாது." இவர் தலையைத் தூக்கி, "சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். நான் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியார் சொல்லாத சொல் இல்லை. இவர் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் முதலில் நான் சந்தேகப்பட்டது இவரை இல்லை, நிவ்ருத்தியை.

நிவ்ருத்தி ஸ்டேஷன் ரோட்டில் கராஜ் வைத்திருப்பவன். என்னோடு போட்டி போடும் பிரதீக்ஷா கோர்படேயின் வண்டி அவன் கையில்தான். அந்த வாரம் இரண்டு தடவை எங்கள் கராஜுக்கு வந்தான். ஒரு தடவை டார்க் ஸ்பானர் இரவல் கேட்டு, இன்னொரு தடவை அதைத் திருப்பித் தர. வாங்கின சாமானை இவ்வளவு சீக்கிரம் திருப்பித் தருகிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை நான் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது என் வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டான்.

"என்ன தொலைஞ்சு போச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி. ஹோஸ் புதுசா இருக்கேன்னு பார்த்தேன்."

"பார்த்தாச்சா?"

"ஆச்சு."

"அப்ப கிளம்பு. டீ ரெண்டு கிளாஸ்தான் இருக்கு."

சனிக்கிழமை காலையில் இவர் ஒரு வாடிக்கைக்காரர் வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க இச்சல்கரஞ்சிக்குப் புறப்பட்டார். திரும்ப சாயங்காலம் ஆகும். அவர் தெருமுனை திரும்பினதும் நான் என் வண்டியின் முன்னால் குந்தினேன்.

வண்டி நின்ற நிலையில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஹேண்டில் பாரிலிருந்து இறங்கி, நம்பர் பலகைக்குப் பின்னால் வளைந்து, சக்கரம் வரைக்கும் அழகாகத்தான் போனது. ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வெளிப்பக்கமாக, கிளிப்பில் மாட்டி இறங்க வேண்டிய ஹோஸ் உள்பக்கமாக, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இறங்கியிருந்தது. கிளிப்பையே காணோம். ஹேண்டில் பாரில் பெல்ட்டைப் போட்டு சக்கர அச்சோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். மேட்டில் தாவி விழும்போது ஃபோர்க் அமுங்குகிற மாதிரி முன்பக்கம் முழுக்க அமுங்கியது. மிச்ச ஹோஸ் போக இடமில்லாமல் உள்பக்கமாகப் பிதுங்கி டயரின் பல்லில் போய் உட்கார்ந்தது.

சக்கரம் சுற்றுகிறபோது அப்படி உட்கார்ந்தால் டயர் அதைக் கவ்வி இழுத்து அறுத்துவிடும். பெரிய மேட்டுக்கு அந்தப்பக்கம் சடாரென்று ஒரு திருப்பம். அங்கே முன் பிரேக் இல்லாமல் போனால் தோள் எலும்போடு நிற்காது.

யோசிக்கவே இல்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷன் ரோடு. நிவ்ருத்தி மிசள் குழம்பில் பாவ் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, உனக்கு என் உசிரு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?" என்றேன். கராஜில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். திரும்பட்டும். "பிரதீக்ஷா ஜெயிக்கணும்னா அவளை நல்லா ஓட்டச் சொல்லு. என் பிரேக்குல ஏன் கைவைக்கிற?"

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "நான் கைவைக்கல."

"வெள்ளிக்கிழமை குந்திக்கிட்டிருந்தியே, பூப்பறிக்கவா?"

"அண்ணி, கத்தாதீங்க. நான் பார்த்தேன். ஹோஸ் உள்பக்கமாப் போகுது, கிளிப் இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேன். 'திகம்பரண்ணா, மறந்துட்டீங்க போல, டயர் கவ்விரும்'னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

அவன் தட்டையே பார்த்தான். "சொல்லு" என்றேன்.

"'தெரியும். நீ உன் வேலையைப் பாரு'ன்னார்."

நான் நம்பவில்லை. நம்பக் கூடாது என்று ரொம்ப முயற்சி பண்ணினேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்திக்கொண்டது. பாதி இறங்கின ஷட்டர், கேட்காமல் வந்த ஹோஸ், என்னை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த காற்று. எதற்கு இப்படி என்பதும் பஞ்சகங்கைப் பாலத்தின் மேலே வரும்போது புரிந்துவிட்டது. போகாதே என்று அவர் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்தவர். பாவுசாஹேப் சொல்லலாம்.

பாவுசாஹேப் இங்கவளே எங்கள் பந்தயக் கிளப்பில் வண்டி பரிசோதிப்பவர். நூற்றுப் பத்துக் கிலோ ஆள். ஹேண்டில் பார் மேல் தொப்பையை வைத்துப் படுத்து, முன் ஃபோர்க்கை அடிவரைக்கும் அமுக்கி, தலைகீழாகக் குனிந்து ஹோஸ் எங்கே போகிறது என்று பார்ப்பார். ஒரு வண்டியையும் விட்டதில்லை. அவர் தொப்பைக்குப் பயந்தே பாதிப்பேர் ஒழுங்காக வேலை செய்வார்கள். என் புருஷன் போட்ட கணக்கு இதுதான்: பாவுசாஹேப் படுப்பார், ஹோஸ் டயரில் உட்காருவதைப் பார்ப்பார், வண்டியை ஒதுக்கிவிடுவார். திகம்பருக்குக் கை தவறிவிட்டது என்று ஊர் இரண்டு நாள் சிரிக்கும். நான் வீட்டில் இருப்பேன். வாக்கும் பிழைக்கும்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என்னிடம் வாயைத் திறந்து, "பயமா இருக்கு ஹேமா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?

உட்கார்ந்து கழற்றினேன். கீழ்த் திருகை அவிழ்த்து, ஹோஸை உருவி, வெளிப்பக்கமாக விட்டு, புதுச் செப்பு வாஷர் வைத்து முறுக்கினேன். அவருடைய டப்பாவில் தேடி ஒரு கிளிப் எடுத்து மாட்டினேன். லீவரை நானும் ரப்பரால் கட்டி, நானும் ஒண்டியாகவே காற்று எடுத்தேன். திரும்பப் பெல்ட்டால் அமுக்கிப் பார்த்தேன். ஹோஸ் டயர் பக்கமே போகவில்லை. கடைசியில் மண் தெறிக்காமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் கவசத்தை ஃபோர்க் இரண்டின் மேலும் மாட்டினேன். அது மாட்டினால் ஹோஸ் எந்தப்பக்கம் போகிறது என்று நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. பந்தயத்துக்கு எப்படியும் மாட்டுவதுதான்.

அவரிடம் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் ரஸ்ஸாக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"என்னங்க, பிரேக் சரியா இருக்குல்ல?"

"பாவுசாஹேப் பார்ப்பாரே."

"நான் உங்களைத்தான் கேட்டேன்."

"உப்புக் கொஞ்சம் போடு" என்றார். ரஸ்ஸாவில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பாவுசாஹேப் வரிசையாக ஒவ்வொரு வண்டி மேலும் படுத்து எழுந்து வந்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார், நடையில் ஒரு சாய்மானம். பிரதீக்ஷாவின் வண்டி மேல் படுத்து எழுந்தபோது முகம் சுருங்கிவிட்டது. அடுத்தது நான்.

"யாரு, ஹேமலதாவா? பிரேக் யாரு போட்டது, நம்ம திகம்பரா?" என்றார். "அப்ப விடு. இடுப்பு பிடிச்சிருக்கு எனக்கு. திகம்பர் கைபட்ட பிரேக்குல நான் படுத்துப் பார்த்தா எனக்குத்தான் பாவம்." ஸீட்டில் ஒரு தட்டுத் தட்டி, பச்சை ஸ்டிக்கரை எடுத்தார்.

என் புருஷன் முகத்தில் ரத்தமே இல்லை. "இல்ல பாவு, பாருங்க. எல்லாருக்கும் பார்க்கற மாதிரி பாருங்க."

"பார்றா இவன் அடக்கத்தை" என்று சிரித்தார் அவர். ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

சரி, இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் வந்தார். வாயைத் திறந்தார். "தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

போனார். திரும்ப வந்தார். "க்ளவுஸ் சரியா இருக்கா?"

"இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல" என்றார். சுற்றிலும் ஊர் மெக்கானிக்குகள் அத்தனை பேரும் நின்றார்கள். நிவ்ருத்தி தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என் நெஞ்சுக்குள் ஒரு குரல், இவர் சொல்லப்போவதில்லை, தன் பேருக்காக உன்னை அனுப்பிவிடுவார், என்றது. இத்தனை வருஷம் ஒரே படுக்கையில் படுத்த மனுஷனைப் பற்றி அப்படி நினைத்தேன்.

புறப்படும் கோட்டில் வண்டிகள் நின்றன. பாவுசாஹேப்தான் கொடியும் பிடித்திருந்தார். நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். கொடி மேலே ஏறும்போது இவர் ஓடிவந்து என் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க. பெட்ரோல் ஒழுகுது. இவ வண்டியை ஓரங்கட்டுங்க."

பாவுசாஹேப் கொடியை இறக்கிவிட்டு வந்தார். குனிந்து டாங்கின் கீழே விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்தார். "எங்கப்பா ஒழுகுது? காஞ்சு கிடக்கு."

"ஒழுகிச்சு. நான் பார்த்தேன்."

"வெயில்ல உனக்குத் தலை சுத்துது. தள்ளு, மத்தவங்க நிக்கறாங்க."

பின்னால் ஹாரனும் கூச்சலும். நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி அவரையே பார்த்தேன். உதவவில்லை. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

"பெட்ரோல் இல்ல" என்றார். "பிரேக். ஹோஸை உள்பக்கமா விட்டிருக்கேன், டயர் கவ்வும்."

"தப்பாப் போட்டுட்டியா?"

"தப்பு இல்ல. வேணும்னே போட்டேன். நீங்க பார்த்து வண்டியை ஒதுக்கிருவீங்கன்னு போட்டேன். நீங்க பார்க்கல."

எஞ்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த ஊரில் பிரேக் என்றால் திகம்பர் சாளோக்கே என்று பேர் வாங்கப் பதினோரு வருஷம் ஆனது. அது அங்கேயே, அந்த மண்ணில், எல்லார் கண் எதிரிலும் போயிற்று. பாவுசாஹேப் துண்டை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, இடுப்பு வலியோடு என் ஹேண்டில் பார் மேல் படுத்தார். ஃபோர்க் அடிவரைக்கும் இறங்கியது. கவசத்தை விலக்கித் தலைகீழாகப் பார்த்தார்.

"வெளிப்பக்கமாத்தானே போகுது. கிளிப்பும் இருக்கு. என்ன விளையாடறியா?"

என் புருஷன் மண்டியிட்டார். விரலால் கிளிப்பைத் தொட்டார், ஹோஸைத் தடவிக்கொண்டே மேலே வந்தார். அது தன் கை வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எப்ப?"

"நேத்து மத்தியானம்."

"அப்ப ராத்திரி கேட்டியே…"

"கேட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகப் பதிலும் வைத்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். "நான் சொல்லாம உன்னை விட்டுருவேன்னு நெனச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. என் வாயில் அது வரவில்லை.

"தெரியல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு பாவுசாஹேபிடம், "வண்டியை விடுங்க. அவ போட்டது சரியா இருக்கு" என்றார்.

"இனிமே உன் கைபட்ட ஒவ்வொரு வண்டி மேலயும் நான் படுப்பேன் திகம்பர்" என்றார் பாவுசாஹேப்.

"படுங்க" என்றார் இவர்.

கொடி விழுந்தது. ஓட்டினேன். பெரிய மேட்டில் தாவி இறங்கினபோது பிரேக் கல் மாதிரி பிடித்தது. போன வருஷம் விழுந்த இடத்தைத் தாண்டினபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கயிற்றுக்கு அந்தப்பக்கம் அவரைத் தேடினேன். காணவில்லை. நாலாவதாக வந்தேன். பிரதீக்ஷா ஜெயித்தாள், ஜெயிக்கட்டும்.

வண்டியை ஏற்றி வந்த டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தார், பந்தயத்துக்கு முதுகைக் காட்டி. நான் ஏறி உட்கார்ந்தேன். என் தோளை, உடைந்து ஒட்டின பக்கத்தை, ஒரு தடவை பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"சொல்லியிருப்பேன் ஹேமா. எப்படியும் சொல்லியிருப்பேன். உன்னை அந்த மேட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் அத்தனை பாவமாக இருந்தது, அத்தனை ஆசையும் இருந்தது. ஷிரோலி நாக்கா தாண்டி, பாலம் தாண்டி, வீடு வரும்வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை. ஆனாலும் முதலில் பெட்ரோல் என்றுதானே சொன்னார் என்று என் மனசு கேட்டுக்கொண்டே வந்தது.